கைப்பிடி பவுண்டேஷனின் ஜீப்

கொடுக்கிறவனுக்குத் தகுதி எதுவும் வேண்டாம், வாங்குகிறவனுக்குத்தான் வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ஒருமுறை கொடுத்துவிட்டால் வாங்கும் தகுதி போய்விடும் என்பதை மட்டும் நாச்சியார் திருவனந்தபுரத்துக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்காக அவள் வருடாவருடம் மலை இறங்கினாள். கைப்பிடி பவுண்டேஷனும் சலிக்காமல் அவளுக்கு அதை எடுத்துச் சொன்னது.

வித்துராவிலிருந்து பொன்முடிக்குப் போகிற சாலையில் பாதியில் பிரிந்து ஏறினால் மேல்பாறை எஸ்டேட். தொண்ணூற்றெட்டில் கம்பெனி அதைப் பூட்டியது. பூட்டுவதற்கு முந்தின வாரமே கம்பெனி ஜீப் கீழே இறங்கிவிட்டது. விஷயம் அப்போதே புரிந்திருக்க வேண்டும், லயத்து வரிசைவீடுகளில் இருந்த ஜனங்களுக்குப் புரியவில்லை. பிறகு மானேஜர் போனார், டிஸ்பென்சரி கம்பவுண்டர் போனார். போக்கிடம் இல்லாதவர்கள் மட்டும் லயத்து அறைகளிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் என்பதால் வித்துராவில் அவர்களுக்குப் பாண்டிக்காரர்கள் என்று பெயர்; திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் மலையாளத்தார் என்று பெயர். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது.

நாச்சியாரின் புருஷன் பால்பாண்டி ஃபேக்டரியில் இலை வாட்டுகிற வேலை பார்த்தவன். நல்ல உழைப்பாளி, அதைவிட நல்ல வாயாடி. ஃபேக்டரி மூடிய மறுவருடம் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. வித்துரா டாக்டர் பரிசோதித்துவிட்டு, இன்னொரு தடவை வலி வந்தால் தாமதிக்காமல் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோக வேண்டும், தாமதித்தால் பிழைப்பது சிரமம் என்றார். எதில் கொண்டுபோவது என்று நாச்சியார் கேட்டாள். அது டாக்டரின் துறை இல்லை. வித்துராவில் இருக்கிற வாடகை ஜீப்காரர்கள் அந்த ரோட்டின் பெயரைக் கேட்டாலே டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டுவார்கள்.

யூனியன் ஆபீசில் சும்மா உட்கார்ந்திருந்த தாணுலிங்கம்தான் வழி சொன்னார். "கைப்பிடி பேங்கு இருக்கில்லியா, அது உங்க ஆளுக கொடுத்த அரிசியில உண்டான பேங்காக்கும். அதுக்கு இப்ப ஒரு பவுண்டேஷன் உண்டு. தர்மம் செய்யதுக்குன்னே வச்சிருக்காங்க. போய்க் கேளு. ஒரு ஜீப்பு தராமலா இருப்பாங்க?"

அவர் சொன்னது பொய்யில்லை. பழைய காலத்தில் அந்தப் பக்கத்து எஸ்டேட் பெண்கள் உலையில் அரிசி போடுமுன், அளந்து எடுத்ததிலிருந்து ஒரு கை அள்ளி அடுப்படிப் பானையில் தனியாகப் போட்டுவைப்பார்கள். வீட்டில் அன்றைக்கு எத்தனை பேருக்குப் பசி இருந்தாலும் அந்தக் கைப்பிடி மட்டும் தனி. மாதக் கடைசியில் திரவியம் என்கிற கங்காணி லயம் லயமாக வந்து அதை வாங்கி, திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளச் சந்தையில் விற்று, யார் வீட்டில் சாவோ நோவோ வந்தாலும் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார். கம்போளத்தில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் வீட்டிலும் அதைப் பார்த்துப் பானை வைத்தார்கள். அந்த அரிசி பெருகிச் சங்கமாயிற்று, சங்கம் வங்கியாயிற்று. வங்கி ஆனதும் அரிசி வாங்குவதை நிறுத்திக்கொண்டது. அரிசி கொடுத்தவர்களுக்குக் கொடுப்பதையும் நிறுத்திக்கொண்டது.

தொண்ணூற்று மூன்றில் வங்கியின் சேர்மன் அழகியநம்பி ஒரு கருத்தரங்குக்காக இத்தாலிக்குப் போனார். அங்கே அப்போதுதான் பழைய சேமிப்பு வங்கிகளையெல்லாம் சட்டம் போட்டு இரண்டாகப் பிளந்திருந்தார்கள். ஒரு பாதி லாபம் பார்க்கிற வங்கி. மறுபாதி தர்மம் பார்க்கிற பவுண்டேஷன். வங்கியின் பங்குகள் எல்லாம் பவுண்டேஷன் கையில் இருக்கும். சேர்மனுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு நாற்காலி இருந்த இடத்தில் இரண்டு நாற்காலி கிடைக்கிறதே. திரும்பி வந்ததும் கைப்பிடி வங்கியைப் பிளந்து இரண்டிலும் உட்கார்ந்தார். திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் மூன்று மாடிக் கட்டடம் எழுந்தது. தர்மம் கீழ்த்தளத்தில் நடக்கும் என்று வரைபடத்தில் போட்டிருந்தது, ஆனால் கட்டி முடித்தபோது அது கார் நிறுத்துமிடமாக இருந்தது.

அந்தக் கட்டடத்துக்குத்தான் நாச்சியார் தொண்ணூற்றொன்பதில் போய்ச் சேர்ந்தாள். வரவேற்பில் ஷாலு என்ற பெண் மலையாளத்தில் போன் பேசிக்கொண்டிருந்தாள். என்ன வேண்டும் என்று கண்ணால் கேட்டாள்.

"கைப்பிடி அரிசி போட்ட எஸ்டேட்ல இருந்து வாறேன் மோளே" என்றாள் நாச்சியார்.

ஷாலு போனைக் கீழே வைத்தாள். "சாரே! ஒரிஜினல் வந்நிட்டுண்டு!" என்று மாடியைப் பார்த்துக் கூவினாள்.

செயலாளர் சத்தியநேசன் படியில் ஓடி இறங்கி வந்தார். பாறசாலைக்காரர், பார்க்கச் சாது. நாச்சியாரின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். கொழுந்து பறித்துக் கறுத்து வெடித்த விரல்கள். அவர் கண் கலங்கியது.

"இந்தக் கையைத்தான் இத்தன வருஷமா தேடிக்கிட்டு இருக்கோம். ஆண்டுக்கூட்டத்துல முதல் நிகழ்ச்சியா ஒரு எஸ்டேட் ஸ்திரீ வெள்ளிப் பானையில கைப்பிடி அரிசி போடணும். ஆளு கிடைக்காம, சேர்மனுக்க வீட்டம்மாவை வளையலக் கழத்தச் சொல்லி போட வச்சோம். போட்டோவுல நல்லா வரேல்ல."

"சாரே, எனக்கு ஒரு ஜீப்பு வேணும்" என்றாள் நாச்சியார். "அவருக்கு நெஞ்சுல சூக்கேடு. மலையில வண்டி ஒண்ணும் கெடையாது. எனக்குன்னு வேண்டாம், லயத்துக்குப் பொதுவா ஒண்ணு நின்னா மதி, அது போதும்."

"நியாயமான காரியமாக்கும்" என்றார் சத்தியநேசன். "கூட்டத்துல ஏழாவது விஷயமா வச்சிருவோம். நீங்க ஒரு கை அரிசி மட்டும் கொண்டு வாங்க. கடையில வாங்கினது வேண்டாம். உங்க வீட்டுப் பானையில உள்ளது."

நாச்சியார் சந்தோஷமாக ஊர் திரும்பினாள். பால்பாண்டி கேட்டுவிட்டு, "ஒரு கை அரிசிக்கு ஒரு ஜீப்பா? ரெண்டு கை கொண்டுபோடீ, லாரி கேப்போம்" என்றான்.

கூட்டம் கோலாகலமாக நடந்தது. குத்துவிளக்கு, நாதஸ்வரம், கேமரா. நாச்சியார் வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த அரிசியை வெள்ளிப் பானையில் போட்டாள். போட்டோ சரியாக விழவில்லை என்று போட்டோகிராபர் சொன்னதால் அதை எடுத்து இன்னொரு தடவை போட்டாள். கைதட்டல் அடங்கியதும் சேர்மன் அழகியநம்பி எழுந்தார். வெள்ளை ஜிப்பா, கணீரென்ற குரல்.

"பெரியோர்களே! தர்மம் என்றால் என்ன? எடுத்துக் கொடுப்பது என்று பாமரர்கள் நினைக்கிறார்கள். எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? தீர்ந்துபோகும்! தர்மம் தீர்ந்துபோகலாமா? ஆகவேதான் நாம் கொடுப்பதில்லை, வைத்திருக்கிறோம். வங்கியின் பங்குகள் முழுவதையும் ஏழைகளுக்காக நாம் வைத்திருக்கிறோம். பங்குகள் பத்திரமாக இருக்கின்றன. ஏழைகளும் அப்படியே பத்திரமாக இருக்கிறார்கள். இந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு ஏழைகூடக் குறையவில்லை என்பதை இந்த அவைக்குப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்!"

நாச்சியாரும் கைதட்டினாள். எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாயிருக்காது.

ஏழாவது விஷயம் வந்தது. மேல்பாறை லயத்துக்கு ஜீப். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சட்ட ஆலோசகர் குற்றாலலிங்கம் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து, மனு கொடுத்த அம்மாள் பவுண்டேஷனுக்கு ஏதாவது கொடுத்திருக்கிறாரா என்று கேட்டார்.

"இப்பத்தானே சார் அரிசி போட்டாங்க" என்றார் சத்தியநேசன்.

"அப்படியானால் பதினான்காம் விதி" என்று சொல்லிக் குற்றாலலிங்கம் உட்கார்ந்தார்.

பதினான்காம் விதி என்பது இதுதான்: பவுண்டேஷனுக்கு எதையேனும் கொடுத்தவர், கொடுத்த நாள் தொட்டு மூன்று வருடத்துக்கு அதனிடமிருந்து எதையும் பெறக் கூடாது. பெரிய மனிதர்கள் ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்கிக்கொள்வதைத் தடுக்க இத்தாலியில் பார்த்து எழுதிக்கொண்டு வந்தது என்று சேர்மன் விளக்கினார். எஸ்டேட்டின் பேரில் நாச்சியார் கொடுத்ததால் எஸ்டேட் முழுவதும் தானம் கொடுத்ததாகிறது. தானம் கொடுத்தவர்கள் உயர்ந்தவர்கள். அவர்களுக்கு ஜீப் கொடுத்து அவமதிக்க முடியாது.

எட்டாவது விஷயம் சேர்மனுக்குப் புதிய கார். பவுண்டேஷனுக்குச் சேர்மன் இதுவரை எதையும் கொடுத்ததில்லை என்று குற்றாலலிங்கம் சான்றளித்தார். ஏகமனதாக நிறைவேறிற்று.

மறுவருடம் நாச்சியார் உஷாராகப் போனாள். அரிசி கொண்டுபோகவில்லை. தராவிட்டால் தகுதி வரும், அதற்கு இன்றிலிருந்தே கையை மூடிக்கொள்வது என்று அவள் கணக்கு. பால்பாண்டிக்கு அந்த வருடம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. லயத்தில் மாடிப்படி இல்லாததால் சமாளித்துக்கொண்டிருந்தான்.

"அரிசி எங்கம்மா?" என்று பதறினார் சத்தியநேசன். மேடையில் வெள்ளிப் பானை வாய் திறந்து இருந்தது.

"கொண்டாரலை சாரே. கொடுத்தா கிட்டாதுன்னு நீங்கதானே சொன்னிய."

"ஐயோ, முதல் விஷயம் அரிசி. அது நடந்தாத்தான் கூட்டம் கூடினதா அர்த்தம். கூட்டம் கூடேல்லன்னா ஏழாவது விஷயம் எப்பிடி வரும்? உங்க ஜீப்பு இந்த வருஷமும் ஏழாவதாக்கும். அதுல விதியைத் தளர்த்தி ஒரு முடிவு எடுக்கலாம்ணு சேர்மன் மனசு வச்சிருக்காரு. அத நீங்களே கெடுக்கியளே!"

நாச்சியார் யோசித்தாள். அவளிடம் இருந்தது மத்தியானத்துக்குக் கொண்டுவந்த தூக்குவாளிச் சோறு மட்டும்தான். அதைச் சொன்னாள். மேடையில் ஒரு சிறு ஆலோசனை நடந்தது. சோறு என்பது அரிசியின் வரலாற்றில் பிற்காலக் கட்டம், எனவே ஏற்கலாம் என்று சேர்மன் தீர்ப்பளித்தார். நாச்சியார் ஒரு கை சோற்றைப் பானையில் போட்டாள். நாதஸ்வரம் முழங்கிற்று. ஏழாவது விஷயம் வந்தபோது விதியைத் தளர்த்துவதற்கு ஒரு குழு அமைத்தார்கள். குழு அடுத்த கூட்டத்தில் அறிக்கை வைக்கும். நாச்சியார் மட்டும் மீண்டும் தானம் கொடுத்தவள் ஆகிவிட்டாள்.

மதியம் வந்தவர்களுக்கெல்லாம் சத்யா விருந்து. இலை போட்டு, அவியலும் ஓலனும் பாயசமும் பரிமாறினார்கள். நாச்சியார் ஓரமாக ஓர் இலை முன்னால் உட்காரப் போனாள். சத்தியநேசன் வந்து காதோரம் குனிந்தார். சாப்பாடும் பெறுவதுதானாம், பதினான்காம் விதி இடம் கொடுக்காதாம். சொல்லிவிட்டு, பாவம், அவர் தன் இலைக்குத் திரும்பினார். நாச்சியார் கட்டடத்தின் பின்படியில் உட்கார்ந்து தூக்குவாளியில் மிச்சமிருந்ததைத் தின்றாள். தயிர் நன்றாகப் புளித்திருந்தது.

இரண்டாயிரத்தொன்றில் இத்தாலிக்காரரே வந்துவிட்டார். பெர்த்தோலி என்று பெயர், வட இத்தாலியில் ஏதோ சிற்றூரில் இருக்கிற ஒரு வங்கிப் பவுண்டேஷனின் தலைவர். உயரமான, களைத்த மனிதர். அவர் பேசுவதை, ரோமில் முதியோர் இல்லத்தில் பத்து வருடம் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு கன்னியாஸ்திரி மலையாளத்தில் சொன்னார். நாச்சியார் அந்தத் தடவையும் அரிசி போட்டிருந்தாள். விதியைத் தளர்த்தும் குழுவின் அறிக்கை வாசிக்கப்பட வேண்டுமென்றால் கூட்டம் கூடியாக வேண்டுமே.

"எங்கள் பவுண்டேஷனுக்கு வயது நானூறு" என்று ஆரம்பித்தார் பெர்த்தோலி. "விதைப்புக் காலத்தில் குடியானவனுக்குக் கோதுமை கடன் கொடுக்கச் சில துறவிகள் ஒரு களஞ்சியம் வைத்தார்கள். அறுவடையில் அவன் கொஞ்சம் கூட்டித் திருப்பித் தருவான். அந்தக் களஞ்சியம் வங்கி ஆயிற்று. பிறகு சட்டம் வந்தது, நாங்கள் பவுண்டேஷன் ஆனோம். வங்கி முழுவதும் எங்களுடையது. வங்கி பக்கத்து ஊர் வங்கியோடு சேர்ந்தது. எங்கள் பங்கு பாதியாயிற்று. சேர்ந்தது இன்னொன்றோடு சேர்ந்தது; பத்தில் ஒன்றாயிற்று. இப்போது எங்களிடம் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அந்த வங்கியின் பெயர் நாலு தடவை மாறிவிட்டது. அதன் தலைமையகத்துக்குப் போனால் எனக்கு வழி தெரிவதில்லை, காவலாளி என்னை யாரென்று கேட்கிறான். ஆனாலும் ஈவுத்தொகை வருகிறது. அதைக் கொண்டு ஒரு பழைய ஓவியத்தைப் புதுப்பித்தோம். துறவி ஒருவர் குடியானவனுக்குக் கோதுமை கொடுக்கிற ஓவியம். மிக அழகாக இருக்கிறது. போன வருடம் ஒரு குடியானவன் அதைப் பார்க்க வந்தான். நுழைவுச் சீட்டு வாங்கச் சொன்னோம்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் துக்கத்தோடு சொல்கிறார் என்று நாச்சியாருக்கு மட்டும் பட்டது. கேள்வி கேட்கலாம் என்றதும் அவள் கையைத் தூக்கினாள்.

"அவங்க ஊர்ல ஆளுக்குச் சூக்கேடு வந்தா வண்டி உண்டாம்மா?"

கன்னியாஸ்திரி கேட்டுச் சொன்னார். "உண்டு. போன் பண்ணினா கவர்மெண்டு வண்டி வருமாம்."

"அப்ப பவுண்டேஷன் எதுக்காம்?" என்றாள் நாச்சியார். இதைக் கன்னியாஸ்திரி மொழிபெயர்க்கவில்லை. சேர்மன் அதற்குள் நன்றியுரைக்கு எழுந்துவிட்டார். ஓவியம் அவர் மண்டையில் ஏறிவிட்டது. நமக்கும் வரலாற்றைப் போற்றும் ஒரு கலைப்படைப்பு வேண்டும் என்றார். குழுவின் அறிக்கைக்கு நேரமில்லாமல் போயிற்று.

அந்த ஐப்பசியில், துலா மாத மழையில், ஒரு பகல்நேரம், பால்பாண்டிக்கு வலி வந்தது. பஸ் வரவில்லை. லயத்து ஆண்கள் பழைய ஆபீஸ் நாற்காலி ஒன்றில் அவனை உட்காரவைத்து, மூங்கில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நாச்சியார் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். அவன் முகமெல்லாம் வியர்த்திருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

"நாச்சி, உன் ஜீப்பு நல்லாத்தான் போகுது. குலுக்கமே இல்ல" என்றான்.

"பேசாம வாரும்" என்றாள் அவள்.

பாலத்து வளைவில் அவன் பேசாமல் ஆகிவிட்டான். தூக்கி வந்தவர்கள் சற்று தூரம் போன பிறகுதான் அதைக் கவனித்தார்கள். நாச்சியாருக்கு அழுகை அப்போது வரவில்லை. பேசாமல் வரச் சொன்னோமே என்று வாரக்கணக்கில் நினைத்து நினைத்து அழுதாள்.

அந்த வருடம் பவுண்டேஷனுக்கும் ஓர் இழப்பு. கைப்பிடி வங்கி பம்பாய் வங்கி ஒன்றோடு சேர்க்கப்பட்டது. இங்கே நூறு பங்குக்கு அங்கே ஒன்று என்று மாற்றிக் கொடுத்தார்கள். கைப்பிடியாக இருந்தது ஒரு சிட்டிகை ஆயிற்று. பேப்பர்காரர்கள் கேட்டபோது சேர்மன் கலங்கவில்லை. "பங்கின் அளவைப் பார்க்காதீர்கள். இவ்வளவு சின்னப் பங்கை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கட்டடத்தை நடத்துகிற பவுண்டேஷன் ஆசியாவிலேயே வேறு இல்லை" என்றார்.

மறுவருடம் ஒரு சனிக்கிழமை, மேல்பாறை ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது. லயமே வெளியே ஓடி வந்தது. புத்தம்புது ஜீப், கதவில் பொன்னிறத்தில் கைப்பிடி பவுண்டேஷன் என்று எழுத்து. வந்துவிட்டதே, இத்தனை பிந்தியாவது வந்துவிட்டதே என்று நாச்சியார் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜீப்பிலிருந்து நாலு பேர் இறங்கி, ஆளுயரப் பித்தளைக் கை ஒன்றை இறக்கினார்கள். அரிசி அள்ளிய கை. போட்டோவைப் பார்த்துச் செய்திருந்தார்கள். சுண்டுவிரல் வெடிப்புகூட அப்படியே நாச்சியாருடையது. லயத்து முற்றத்தில் சிமெண்ட் போட்டு அதை நட்டார்கள். உள்ளங்கையில் ஒரு பிளவு வைத்திருந்தது.

"அது எதுக்கு?" என்று கேட்டாள் பக்கத்து அறைச் சரோஜம்.

"அரிசி போடதுக்கு சேச்சி" என்றான் டிரைவர் பிரஜின். நெடுமங்காட்டுக்காரன், முப்பது வயதிருக்கும், முகத்தில் எப்போதும் ஒரு சங்கடம். "பழைய ஏர்ப்பாடு திரும்பத் தொடங்குகாங்க. மாசம் முதல் சனிக்கிழமை நான் ஜீப்பு கொண்டுவந்து எடுத்துட்டுப் போவேன். அங்கே மியூசியத்துல கண்ணாடிப் பாத்திரத்துல வைப்பாங்க."

"மோனே, திரும்பிப் போகையில ஆளை ஜீப்புல கேத்துவியா? சூக்கேட்டுக்காரங்களை?" என்று கேட்டாள் நாச்சியார்.

பிரஜின் தரையைப் பார்த்தான். "அரிசி மட்டும் கேத்தணும்னு உத்தரவு. வேற யாரும் கேறினா என் பணி போயிரும் சேச்சி."

அன்று மாலை நாச்சியார் லயத்துப் பெண்களைக் கூட்டினாள். இவ்வளவு காலத்தில் பவுண்டேஷனை அவள் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் பவுண்டேஷனிலேயே இல்லை.

"ஒருத்தியும் அதுல ஒரு மணி அரிசி போடக் கூடாது. மூணு வருஷம் கையை மூடிக்கிட்டு இருந்தோம்னா நமக்குத் தகுதி வந்திரும். அப்புறம் இதே ஜீப்பை இங்க நிறுத்தச் சொல்லிக் கேக்கலாம். அந்த வளைவுல இன்னொரு உசிரு போகக் கூடாது, பாத்துக்கிடுங்க."

பெண்கள் சத்தியம் செய்தார்கள். அப்படியே நடந்தார்கள். பண்டிகை வந்தது, கல்யாணம் வந்தது, ஒருத்தியும் போடவில்லை. தலைமுறையாகப் பழகிய கை உலை வைக்கும்போது தானாகவே ஒரு பிடி அள்ளும். அள்ளியதைத் திரும்ப உலையிலேயே போட்டார்கள். மாதம்தோறும் முதல் சனிக்கிழமை ஜீப் வந்தது. பிரஜின் பித்தளைக் கையைத் திறந்து பார்ப்பான், மூடுவான், போய்விடுவான். சரோஜத்துக்கு இரண்டாவது வருடமே பால்பாண்டிக்கு வந்த அதே மூச்சுவாங்கல் தொடங்கிவிட்டது. "நான் தாங்கிருவேன் நாச்சி, மூணு வருஷம் ஆகட்டும்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்தைந்தில் மூன்று வருடம் முடிந்த திங்கட்கிழமை நாச்சியார் வெள்ளையம்பலத்துக்குப் போனாள். கிளம்பும்போது சரோஜம் நீல வாயில் சேலையை எடுத்து வெளியே வைத்திருந்தாள்.

"ஜீப்புலயே திரும்பி வருவேன். சத்தம் கேட்டதும் புறப்பட்டு நில்லு. அப்படியே மெடிக்கல் காலேஜுக்குப் போயிருவோம்" என்று நாச்சியார் அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சத்தியநேசனுக்கு முடி முழுவதும் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றார்.

"வாங்கம்மா! நானே ஆளனுப்ப இருந்தேன்."

"சாரே, மூணு வருஷமா எங்க எஸ்டேட்ல இருந்து ஒரு மணி அரிசி உங்களுக்குத் தரலை" என்றாள் நாச்சியார். இதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த கம்பீரத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. "இப்ப எங்களுக்குத் தகுதி உண்டு. ஜீப்பைத் தாங்க."

சத்தியநேசன் சிரித்தார். "என்ன தன்னடக்கம்! மாசாமாசம் தவறாம ரெண்டு கிலோ வந்துக்கிட்டு இருக்கு. எல்லா எஸ்டேட்டுலயும் கை வச்சோம், உங்களைப்போல யாரும் தரேல்ல. இந்த வருஷத்து உத்தமக் கொடையாளி விருது மேல்பாறைக்காக்கும்."

நாச்சியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மியூசியத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருந்தன. மேல்பாறை, மேல்பாறை, மேல்பாறை. உள்ளே நல்ல வெள்ளைப் பச்சரிசி. லயத்தில் யாரும் பச்சரிசி பொங்குவதில்லை. அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். ஜீப்பின் பக்கத்தில் பிரஜின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

"நீயா போட்டே?" என்று போய்க் கேட்டாள்.

"அரிசி இல்லாத ரூட்டை நிறுத்திருவாங்க சேச்சி" என்றான். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஜீப்பு மலைக்கு வாறதே நின்னுபோகும். வந்துக்கிட்டு இருந்தாத்தானே, என்னைக்காவது ஒரு ஆபத்துன்னா, பணி போனாலும் போகட்டும்னு யாரையாவது கேத்திட்டுப் போகலாம்? அதனால நெடுமங்காட்டுல நானே வாங்கி ஜீப்புலயே வச்சிருவேன். உங்களுக்கு உபகாரம்னு நெனச்சுத்தான் செய்தேன்."

அவனைத் திட்ட நாச்சியாருக்கு வாய் வரவில்லை. அந்தக் கட்டடத்தோடு பழகின இத்தனை வருடத்தில் அவளுக்கு நல்லது நினைத்த ஒரே ஆள் இவன்தான், கெடுத்ததும் இவன்தான். சரி விடு மோனே என்று அவன் தோளில் தட்டினாள்.

விருது ஒரு சின்னப் பித்தளைக் கை. குழந்தைக் கை அளவு. அதை நாச்சியார் வாங்கிக்கொள்வது பெறுதல் ஆகுமா என்று குற்றாலலிங்கத்தைப் போனில் கேட்டார்கள். எஸ்டேட்டில் கொண்டுபோய் வைத்தால் பெறுதல் ஆகாது, கையில் கொடுத்தால் ஆகும் என்றார். எனவே விருது ஜீப்பில் போயிற்று. நாச்சியார் பஸ்ஸில் போனாள்.

வித்துராவில் இறங்கியபோது மேலே போகிற பஸ் போய்விட்டிருந்தது. நடந்தாள். அவளுக்கும் வயதாகிவிட்டது, பத்தடிக்கு ஒருதரம் நிற்க வேண்டியிருந்தது. வெயில் சாய்கிற நேரத்துக்குப் பாலத்து வளைவுக்கு வந்தாள். பின்னால் ஜீப் சத்தம் கேட்டது. வித்துரா வொர்க்‌ஷாப்பில் பிரஜின் டயர் மாற்றிவிட்டு வருகிறான் போலிருக்கிறது. அவள் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

ஜீப் நின்றது. முன்சீட்டில் விருது இருந்தது, விழுந்துவிடாமலிருக்க பெல்ட் போட்டிருந்தான். பின்சீட் காலி.

"கேறு சேச்சி" என்றான் பிரஜின். "இந்தக் காட்டுல யார் காணப் போறாங்க? சரோஜம் சேச்சியையும் இன்னைக்கே கேத்திட்டு இறங்கிருவோம். வாறது வரட்டும்."

நாச்சியார் காலி சீட்டைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கியும் வைத்தாள். பிறகு என்ன தோன்றிற்றோ, இறக்கிக்கொண்டாள். இன்றைக்கு ஏறினால் பெற்றதாகிவிடும். கொடுத்த கணக்கே தீராதபோது பெற்ற கணக்கும் சேர்ந்தால், பிறகு லயத்துக்கு ஜீப் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. இவனுக்கு வேலை போகும், ரூட்டும் போகும். அவளுக்கு விதிகள் நன்றாகத் தெரியும்.

"வேண்டாம் மோனே. நீ போ" என்றாள். "இனிமேயாவது எங்க கணக்குல அரிசி வச்சிராதே. இன்னைல இருந்து மூணு வருஷம் எண்ணிக்கிடுவோம்."

அவள் வழியை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று கையை ஆட்டினாள். ஜீப் வளைவில் திரும்பி மேலே ஏறிப் போயிற்று. அதன் பின்னால் அவள் மெல்ல நடந்தாள்.

மேலே லயத்தில் ஜீப் சத்தம் கேட்டதும், சரோஜம் நீல வாயில் சேலையை உடுத்திக்கொண்டு, துணிப்பையை மடியில் வைத்து, வாசலில் வந்து உட்கார்ந்தாள்.